லனார்க் வே கதவுக்கு இரு பக்கமும்: பெல்ஃபாஸ்ட் நாட்குறிப்பு, 2021

மார்ச் 31, புதன்

நேற்று வட அயர்லாந்தின் அரசு வழக்குத் தொடரும் அலுவலகம் முடிவைச் சொல்லிவிட்டது. பாபி ஸ்டோரியின் இறுதி ஊர்வலம் தொடர்பாக அயர்லாந்தோடு சேர வேண்டும் என்கிற ஷின் ஃபேன் கட்சிக்காரர்கள் யார் மீதும் வழக்கு கிடையாது. ஸ்டோரி, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐஆர்ஏவில் பெரிய புள்ளியாக இருந்தவர். போன ஜூன் 30-ம் தேதி, கொரோனா கட்டுப்பாடு அமலில் இருந்தபோதே, மேற்கு பெல்ஃபாஸ்டில் அவருக்காகப் பெருங்கூட்டம் கூடியது. அந்தக் கட்சியைச் சேர்ந்த துணை முதலமைச்சர் மிஷெல் ஓநீலும் அதில் கலந்துகொண்டார்.

வார்டில் இன்று முழுக்க இதே பேச்சு. அந்த மாதங்களில் எங்களிடம் இறந்தவர்களின் குடும்பத்தாருக்கு நான்தான் போன் செய்து சொல்ல வேண்டியிருந்தது. வாசலில் நின்றுகூடப் பார்க்க முடியாமல் போனவர்கள் கத்தோலிக்கரிலும் உண்டு, புராட்டஸ்டண்டுகளிலும் உண்டு. இந்தக் கோபம் இரண்டு பக்கத்துக்கும் சொந்தமானது. ஆனால் இந்த ஊரில் எந்தக் கோபமும் நெடுநேரம் பொதுவாக இருப்பதில்லை, ஏதாவது ஒரு கொடியின் கீழ் போய்ச் சேர்ந்துவிடுகிறது. டெரி நகரத்தில், புராட்டஸ்டண்டுகள் அதிகம் இருக்கிற வாட்டர்சைடு பகுதியில் ஏற்கெனவே போலீஸ் மீது கல்லும் பெட்ரோல் குண்டும் விழ ஆரம்பித்துவிட்டன.

ஏப்ரல் 2, பெரிய வெள்ளி

சாயங்காலத்திலிருந்து தலைக்கு மேல் ஹெலிகாப்டர். என் வீட்டிலிருந்து சாண்டி ரோ நடக்கிற தூரம்தான். நடைபாதை ஓரக்கல்லில் பிரிட்டிஷ் கொடியின் சிவப்பு, வெள்ளை, நீலம் பூசிய பழைய புராட்டஸ்டண்டு தெரு அது. பையன்கள் குப்பைத்தொட்டிகளைக் கொளுத்திப் போலீஸ் வண்டிகள் மீது உருட்டி விட்டிருக்கிறார்கள். படத்தில் பார்த்த முகங்களில் பாதிக்கு இன்னும் மீசை முளைக்கவில்லை.

ஊரிலிருந்து தம்பி போன் செய்தான். "கிறிஸ்தவங்களுக்குள்ளேயே என்ன சண்டைக்கா?" என்று கேட்டான். சரி, கொஞ்சம் விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

இது பைபிளைப் பற்றிய சண்டை இல்லை. 17-ம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் புராட்டஸ்டண்டுகளைக் கொண்டுவந்து, கத்தோலிக்க ஐரிஷ்காரர்களிடமிருந்து பிடுங்கிய நிலத்தில் குடியேற்றியதில் தொடங்கியது. 1921-ல் அயர்லாந்தைப் பிரித்தபோது, புராட்டஸ்டண்டுகள் பெரும்பான்மையாக இருக்கிற மாதிரி ஆறு மாவட்டங்களை எடுத்து வட அயர்லாந்து ஆக்கினார்கள். பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்பவர்கள் யூனியனிஸ்டுகள், பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள். அயர்லாந்தோடு சேர வேண்டும் என்பவர்கள் நேஷனலிஸ்டுகள், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். அடுத்த மாதம் இந்த நாட்டுக்கு நூறு வயது. 2011 கணக்கெடுப்பிலேயே புராட்டஸ்டண்டுப் பின்னணி கொண்டவர்கள் பாதிக்குக் கீழே வந்துவிட்டார்கள். போன மாதம் மறுபடியும் கணக்கெடுத்திருக்கிறார்கள். அதில் என்ன வரும் என்ற பயம் ஒரு பக்கத்தில் இருக்கிறது.

இந்த நேரத்தில் பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறியது. வட அயர்லாந்து மக்களில் 56 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இருக்கலாம் என்று ஓட்டுப் போட்டார்கள், பலன் இல்லை. அயர்லாந்துக் குடியரசோடு உள்ள நில எல்லையில் மறுபடி சோதனைச் சாவடி வந்தால் பழைய ரத்தம் திரும்பும் என்று பயந்து, சோதனையைக் கடல் பக்கம் தள்ளினார்கள். ஜனவரி 1-லிருந்து, பிரிட்டனின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போகும் சரக்குக்கே காகிதம் காட்ட வேண்டும். அப்படி ஒரு எல்லை வராது என்று யூனியனிஸ்டுகளுக்கு வாக்குக் கொடுத்தவர்தான் போரிஸ் ஜான்சன். அவர் செய்தது துரோகம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் துரோகத்துக்கும் சாண்டி ரோவில் கல்லடி பட்ட போலீஸ்காரருக்கும் என்ன சம்பந்தம்?

ஏப்ரல் 4, ஈஸ்டர் ஞாயிறு

பக்கத்து ஊர்களான நியூடவுன்அபி, காரிக்ஃபெர்கஸ் என்று பரவுகிறது. அந்தப் பக்கம் லாயலிஸ்ட் (யூனியனிஸ்டுகளில் தீவிரமானவர்கள்) ஆயுதக் குழு ஒன்றின் போதைமருந்து வியாபாரத்தைப் போலீஸ் சமீபமாக நெருக்குகிறது, அதற்குப் பதிலடியாகவும் இது இருக்கலாம் என்று செய்தியில் சொன்னார்கள். அரசியல் கோபம், கடத்தல்காரன் கணக்கு, ஊரடங்கில் அடைந்து கிடந்த பிள்ளைகளின் சலிப்பு எல்லாம் ஒரே தெருமுனையில் வந்து நிற்கின்றன. நாளை காலை ஷிப்ட், தூங்கப் போகிறேன்.

ஏப்ரல் 7, புதன் இரவு

இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது. இதுவரை லாயலிஸ்ட் பையன்களுக்கும் போலீசுக்கும் நடந்தது, இன்று பழைய வடிவத்துக்கு வந்துவிட்டது.

ஷாங்கில் ரோடும் லனார்க் வேயும் சேரும் இடத்தில் ஒரு பஸ்ஸை மறித்துத் தீ வைத்துவிட்டார்கள். புராட்டஸ்டண்டு ஷாங்கிலையும் கத்தோலிக்க ஸ்பிரிங்ஃபீல்ட் ரோட்டையும் இணைக்கிற சின்னச் சாலை லனார்க் வே. நடுவில் சுவர், சுவரில் பெரிய இரும்புக் கதவு. பகலில் திறப்பார்கள், இரவில் மூடுவார்கள். அந்தக் கதவுக்கே தீ வைத்து, உடைத்துத் திறக்கப் பார்த்தார்கள். கதவுக்கு மேலாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கமும், அங்கிருந்து இங்கும் பெட்ரோல் குண்டுகள் பறந்தன. படமெடுக்கப் போன பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவரையும் அடித்திருக்கிறார்கள். 2019 ஏப்ரலில் டெரியில் இப்படி ஒரு கலவரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற பத்திரிகையாளர் லைரா மெக்கீ, தீவிர நேஷனலிஸ்டுகளான ரிபப்ளிகன் ஆயுதக் குழுவினரின் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். 29 வயது. அந்த ஞாபகத்தில் நெஞ்சு படபடக்கிறது.

எனக்குத் தாங்க முடியாதது வேறொன்று. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் குண்டு வீச, பின்னால் நின்ற பெரியவர்கள் கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள் என்று போலீஸ் சொல்கிறது. பிள்ளையின் கையில் தீயைக் கொடுத்துவிட்டுக் கைதட்டுகிறவர்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஏப்ரல் 8, வியாழன்

வார்டில் துப்புரவு வேலை பார்க்கிற மூத்த அம்மா ஒருவர் இருக்கிறார். கத்தோலிக்கர் பகுதியான கிளோனார்டில் பிறந்து வளர்ந்தவர், அடுத்த வருஷம் ஓய்வு. இன்று இடைவேளையில் டீ கையில் இருந்தும் குடிக்கவில்லை. "பஸ் எரிஞ்சதைப் பார்த்தேன் கண்ணு, எனக்கு மறுபடி எட்டு வயசு ஆயிடுச்சு" என்றார்.

1969 ஆகஸ்ட். டெரியில் 12-ம் தேதி புராட்டஸ்டண்டு ஊர்வலத்தை ஒட்டி மோதல் வெடித்து, கத்தோலிக்கர் வாழும் போக்சைட் பகுதியில் மூன்று நாள் போலீசோடு சண்டை நடந்தது. 14-ம் தேதி இரவு அது பெல்ஃபாஸ்டுக்கு வந்துவிட்டது. கத்தோலிக்க ஃபால்ஸ் ரோட்டுக்கும் புராட்டஸ்டண்டு ஷாங்கிலுக்கும் நடுவிலிருந்த குறுக்குத் தெருக்களில் கூட்டம் புகுந்தது. போலீஸ் கவச வண்டியிலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டதில், டிவிஸ் குடியிருப்பில் தன் வீட்டுக்குள் இருந்த ஒன்பது வயதுப் பையன் செத்தான். அப்போது தொடங்கி முப்பது வருஷம் நீண்ட கலவர ஆண்டுகளில் கொல்லப்பட்ட முதல் குழந்தை அவன். மறுநாள், 15-ம் தேதி, கிளோனார்ட் மடத்துக்குப் பின்னால் இருக்கிற பாம்பே தெருவை லாயலிஸ்ட் கூட்டம் கொளுத்தியது. (அந்தப் பகுதியில் காஷ்மீர் ரோடு, கான்பூர் தெரு, லக்னோ தெரு எல்லாம் உண்டு. சாம்ராஜ்யத்தின் பெருமைக்காக ஏழை நெசவுத் தொழிலாளர் தெருக்களுக்கு வைத்த பெயர்கள்.)

அந்த அம்மா குடும்பம் பாம்பே தெருதான். அவருடைய தாய் தள்ளுவண்டியில் கைக்குழந்தையை வைத்து, அதன் மேலேயே போர்வைகளையும் சுவர்க்கடிகாரத்தையும் போட்டுத் தள்ளிக்கொண்டு ஓடினாராம். இரவு ஒரு பள்ளிக்கூடத் தரையில். "அப்பா மட்டும் வரலை, சாயங்காலம் வரை தெருவிலேயே நின்னார். வந்தப்போ புருவம் கருகியிருந்துச்சு."

அந்தக் கோடையில் பெல்ஃபாஸ்டில் 1,800-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டை விட்டு ஓடின. ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கத்தோலிக்கர், மிச்சம் புராட்டஸ்டண்டுகள். பிரிட்டிஷ் ராணுவம் தெருவில் இறங்கியது, 2007-ல்தான் அந்த நடவடிக்கை முடிந்தது. செப்டம்பரில் இரு பக்கத்துக்கும் நடுவில் கம்பிவேலியும் தகரமும் வைத்து அடைத்தார்கள். இது மிகவும் தற்காலிகமானது என்று ராணுவத் தளபதி ஃப்ரீலண்ட் சொன்னார். அதுதான் இன்றைய கூப்பர் வே சுவர். அப்புறம் செங்கல், அதன் மேல் தகடு, அதற்கும் மேல் கம்பிவலை என்று ஒவ்வொரு பத்தாண்டிலும் உயர்ந்துகொண்டே வந்தது. பெர்லின் சுவர் நின்றது 28 வருஷம். இது 50 தாண்டிவிட்டது.

பாம்பே தெருவை மறுபடி கட்டினார்கள். வீடுகளின் பின்கட்டு நேராகச் சுவரில் போய் முட்டுகிறது. மேலிருந்து விழும் கல்லுக்காகப் பின்வாசலுக்குக் கூண்டு போட்டிருக்கிறார்கள். அம்மாவின் அக்கா இன்னும் அந்தக் கூண்டுக்குள்தான் துணி காயப்போடுகிறார்.

இரவு 11 மணி: ஸ்பிரிங்ஃபீல்ட் ரோட்டில் இன்று நேஷனலிஸ்ட் பையன்கள். போலீஸ் தண்ணீர்ப் பீரங்கி அடித்தது, ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. இரு பக்கப் பகுதிகளிலும் இளைஞர் மன்றத்துக்காரர்களும் தாய்மாரும் வரிசையாக நின்று பையன்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். டிவியில் அவர்கள் சில நொடிதான் வந்தார்கள்.

ஏப்ரல் 9, வெள்ளி

ராணியின் கணவர் இளவரசர் பிலிப் இறந்துவிட்டார். மரியாதைக்காகப் போராட்டங்களை நிறுத்துங்கள் என்று லாயலிஸ்ட் பகுதிகளில் சொல்லிவிட்டார்கள். பெரும்பாலும் நின்றும்விட்டது. நல்லதுதான். ஆனால் நிறுத்தச் சொன்னதும் நிற்கிறது என்றால், இதைத் தொடங்கச் சொல்லவும் யாரோ இருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏப்ரல் 10, சனி

அந்த முப்பது வருஷச் சண்டையை முடித்த பெரிய வெள்ளி ஒப்பந்தம் கையெழுத்தாகி இன்றோடு 23 வருஷம். விடுமுறை நாள், நடந்தே போய்ப் பார்த்தேன். லனார்க் வே தார் ரோட்டில் உருகிய பிளாஸ்டிக் ஒட்டிக் கிடக்கிறது. ஷாங்கில் பக்கம் பிரிட்டிஷ் கொடிகளும் இஸ்ரேல் கொடியும். சுற்றிக்கொண்டு ஃபால்ஸ் பக்கம் போனால் ஐரிஷ் மூவர்ணமும் பாலஸ்தீனக் கொடியும். உலகத்துச் சண்டையையும் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் கொடிக்குக் கீழே இருக்கிற வீடுகள் ஒன்றேதான்: அதே சின்னச் செங்கல் வீடு, மூடிக்கிடக்கும் அதே கடைகள், அதே பந்தய அலுவலகம். எங்கள் வார்டுக்கு மூச்சுத்திணறலோடு வருகிறவர்கள் இந்த இரண்டு ரோட்டிலிருந்தும் வருகிறார்கள்.

அந்த ஒற்றுமை ஒரு தடவை தெருவிலேயே தெரிந்தது. 1932 அக்டோபர். வேலையில்லாதவர்களுக்குக் கொடுத்த நிவாரணக் கூலி வயிற்றுக்குப் போதாமல், ஃபால்ஸ்காரர்களும் ஷாங்கில்காரர்களும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஃபால்ஸில் போலீஸ் தடியடி நடத்துகிறது என்று கேள்விப்பட்டு ஷாங்கில்காரர்களும் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் சுட்டதில் செத்த இருவரில் ஒருவர் புராட்டஸ்டண்டு, ஒருவர் கத்தோலிக்கர். நிவாரணம் உயர்ந்தது. மூன்றே வருஷம், 1935 ஜூலையில் மறுபடி மதக் கலவரம், நூற்றுக்கணக்கான கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டை இழந்தன. 1857, 1864, 1886, 1920 என்று இந்த ஊர்க் கலவரங்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள், இந்தத் தெருக்களும் இவற்றைப் போன்ற ஏழைத் தெருக்களும்தான் திரும்பத் திரும்ப வரும். மேடையில் பேசியவர்கள் குடியிருந்த தெரு எதுவும் எரியவில்லை.

திரும்பும் வழியில் கிளோனார்ட் மடத்துக்குள் சற்று உட்கார்ந்தேன். 1980-களின் கடைசியில் ஃபாதர் அலெக் ரீட் இங்கிருந்துதான் ஷின் ஃபேன் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸையும், வன்முறையை ஏற்காத நேஷனலிஸ்ட் தலைவர் ஜான் ஹியூமையும் பேச வைக்க அலைந்தார். எரிந்த தெருவுக்கு முதுகுப்புறத்திலேயே சமாதானப் பேச்சுக்கும் இடம் கொடுத்திருக்கிறது இந்த மடம். பத்து வருஷம் இழுத்தது, நடுவில் எத்தனையோ சாவு. ஆனாலும் நடந்தது. 3,500-க்கு மேற்பட்ட உயிர்களோடு அந்தக் கணக்கை நிறுத்திய ஒப்பந்தத்தைச் சிலர் இப்போது கைகழுவத் துடிப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது.

ஏப்ரல் 13, செவ்வாய்

பள்ளிக்கூடங்கள் நேற்று முழுதாகத் திறந்துவிட்டன. தெரு அமைதி. ஆனால் சீருடையைப் பார்த்தே எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று சொல்லிவிடலாம். 1981-ல் இரு பக்கப் பெற்றோரும் சேர்ந்து 28 பிள்ளைகளோடு லகன் காலேஜ் என்ற கலப்புப் பள்ளியைத் தொடங்கினார்கள். நாற்பது வருஷம் ஆகியும் பத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட அப்படிப்பட்ட பள்ளி கிடைக்கவில்லை. 2023-க்குள் எல்லாச் சுவரையும் எடுத்துவிடுவோம் என்று 2013-ல் அரசு அறிவித்தது. கிளோனார்ட் அம்மாவிடம் கேட்டேன். "எடுக்கட்டும், ஆனா எங்க அக்கா செத்த பிறகு எடுக்கட்டும்" என்றார். கூண்டுக்குள் இருப்பவர்களுக்கு நம்பிக்கை வருகிற வரை சுவரில் கைவைப்பது சரியில்லை. அந்த நம்பிக்கை பள்ளிக்கூடத்தில்தான் தொடங்க முடியும்.

எண்பதுக்கும் மேற்பட்ட போலீஸ்காரர்களுக்குக் காயம். பையன்களைக் கைதுசெய்கிறார்கள். எங்கள் வேலையில் சேரக் குற்றப் பதிவுச் சான்று கேட்பார்கள், வெளிநாட்டு விசாவுக்கும் கேட்பார்கள். ஷாங்கில் பக்கத்து இளைஞர் மன்றம் ஒன்றில் இதைப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லவும், தீக்காயத்துக்கு முதலுதவி கற்றுக்கொடுக்கவும் நர்ஸ் ஒருவர் வேண்டும் என்று வார்டு அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். பெயர் கொடுத்துவிட்டேன். ஸ்பிரிங்ஃபீல்ட் பக்கத்திலும் கேட்டால் அங்கேயும் போவேன். மே மாத ஷிப்ட் பட்டியல் வந்ததும் எந்தக் கிழமை முடியும் என்று சொல்ல வேண்டும்.