பதினெட்டை நெருங்கும் கோப்புகள்

ஜனவரி 6

பதினெட்டு வயதானதும் பிள்ளைகள் பெரியவர்கள் பிரிவுக்கு மாறணும். குழந்தைகள் பிரிவுக் கோப்பு கைக்கு அடங்காத தடிமன். நள்ளிரவில் அவசரப் பிரிவில் இருக்கும் டாக்டர் மூன்றாவது பக்கத்தைத் தாண்டமாட்டார், அவருக்கு அதற்கு நேரமும் இருக்காது. ஆகவே புதிய டாக்டர்களுக்குப் போகும் கடிதம் இரண்டே பக்கம். அதிலும் முதல் அரைப்பக்கத்தில் எல்லாம் வந்துவிடணும்: தண்டுவடப் பிளவு (பிறவியிலேயே முதுகெலும்பு மூடாதது) எந்த மட்டத்தில், ஷண்ட் (மூளையில் தேங்கும் நீரை வயிற்றுக்கு வடிக்கும் குழாய்) எந்தப் பக்கம், என்ன வகை வால்வு, கடைசியாக எப்போது மாற்றியது, என்னென்ன மருந்து, எதற்காக. அதற்குக் கீழே, திரும்பத் திரும்ப அடித்து எழுதிக்கொண்டிருக்கும் பத்தி: இவருக்கு எது இயல்பு.

ஷண்ட் உள்ளவர்களில் சிலருக்கு நன்றாக இருக்கும் நாளிலும் மூளையின் நீரறைகள் பெரிதாகத்தான் இருக்கும். வேறு சிலருக்கு ஷண்ட் அடைத்த பிறகும் அறைகள் விரியாது. நலமாக இருந்தபோது எடுத்த ஸ்கேன் கையில் இல்லாவிட்டால், புதிய படத்தைப் பார்ப்பவர் ஒன்று பதறுவார், இல்லை "ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஒற்றைத் தலைவலி" என்று அனுப்பிவிடுவார். இரண்டாவதற்குத்தான் பயப்படணும். அறிக்கை மட்டும் போனால் போதாது, படமே கூடப் போகணும்.

ஜனவரி 7

லேடெக்ஸ் (ரப்பர்) அலர்ஜி. முதல் வரியில், சிவப்பில். கையுறை, கத்தீட்டர் (சிறுநீரை வடிக்கும் குழாய்), பலூன், எல்லாமே கணக்கு.

ஜனவரி 14

தண்டுவடப் பிளவு உள்ள ஒரு பெண்ணுக்கு இந்த வயதிலும் அம்மாதான் கத்தீட்டர் போட்டுவிடுகிறார். மகளுக்குக் கை வராமல் இல்லை. அம்மா போட்டால் ஐந்து நிமிடம், அவளே போட்டால் இருபது. காலை அவசரத்தில் அந்தப் பதினைந்து நிமிடத்தை யாராலும் தர முடிவதில்லை. அதனால் விடுமுறையில் தொடங்குவதே சரி. கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுத்தால் நிற்கிறது. முதல் வாரம் அம்மா எல்லாம் செய்ய, குழாயை வெளியே எடுப்பது மட்டும் அவள். அடுத்து, சிறுநீர் வர ஆரம்பித்ததும் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே தள்ளுவது. பிறகு நுழைப்பது. கண்ணாடி முதலில் உதவும். பிறகு விரலால் தடவியே துளையைக் கண்டுபிடிக்கப் பழகணும், ஏனென்றால் வெளியிடக் கழிப்பறையில் கண்ணாடியை வைக்க இடமிருக்காது.

வெளியே எடுக்கும்போது அவசரம் கூடாது. மெல்ல இழுக்கையில் மறுபடி ஒழுகினால் அங்கேயே நிறுத்தி, வடிந்த பிறகுதான் எடுக்கணும். மிச்சம் தங்கினால் அதில்தான் கிருமி வளரும்.

1972-இல் அமெரிக்கச் சிறுநீரக அறுவை நிபுணர் ஜாக் லாபிடஸ் சொன்னது இன்னும் பாதிப் பேருக்குப் போய்ச் சேரவில்லை. கிருமியே இல்லாத சூழல் தேவையில்லை, சோப்பால் கழுவிய கை போதும். சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி விரியாமல் நேரத்துக்குக் காலி செய்வதே முக்கியம். பகலில் மூன்று, நான்கு மணிக்கு ஒருமுறை. ஒரே தடவையில் 400, 500 மில்லியைத் தாண்டினால் இடைவெளி அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

கலங்கலாகப் போனதற்கே ஆன்டிபயாட்டிக் கேட்கிறார்கள். கத்தீட்டர் போடுகிறவர்களின் சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம். காய்ச்சல், வலி, புதிதாக ஒழுகுவது, இவற்றில் ஏதாவது இருந்தால்தான் மருந்து.

ஜனவரி 15

தண்ணீர். கல்லூரியில் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இல்லையென்றால் பிள்ளைகள் முதலில் நிறுத்துவது தண்ணீரைத்தான்.

ஜனவரி 16

நேற்றைய வரியின் தொடர்ச்சி. தண்ணீர் குறைந்தால் கல், தொற்று, மலச்சிக்கல் எல்லாம் வரிசையாக வரும். சிறுநீரகம் கெடும்போது வலிக்காது, அதுதான் கொடுமை. வருடத்துக்கு ஒரு ஸ்கேன் விடக்கூடாது. சிறுநீரகத்துக்கான இரத்தச் சோதனையில் கிரியாட்டினின் "நார்மல்" என்று வந்ததும் நிம்மதியாகிவிடவும் கூடாது. தசை குறைவாக உள்ள உடம்பில் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு. சிறுநீரகம் பாதி கெட்ட பிறகும் எண் அழகாக இருக்கும். தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி சோதனையைப் பார்க்கச் சொல்லிக் கடிதத்தில் எழுதணும். பெரியவர்கள் பிரிவில் யாரும் தாமாகக் கேட்கமாட்டார்கள்.

ஜனவரி 22

மருந்தைத் தாமே பார்த்துக்கொள்ளக் கற்றுத்தரும்போது எல்லாரும் மாத்திரைப் பெட்டியோடு நின்றுவிடுகிறார்கள். பெட்டியை நிரப்புவது ஆரம்பம்தான். ஏழு நாளுக்கு மட்டும் மிச்சம் இருக்கும்போது வாங்கச் சொல்லத் தெரியணும். மருந்தின் பெயரைச் சொல்லத் தெரியணும், "வெள்ளை மாத்திரை" என்றால் உதவாது. ஒரு வேளை விட்டுப்போனால், போட்ட பத்தாவது நிமிடம் வாந்தி எடுத்தால் என்ன செய்வது?

தொலைபேசியில் டாக்டரிடம் நேரம் கேட்கும் பயிற்சி: காகிதத்தில் ஐந்து வரி. பெயர், பிறந்த தேதி, எதற்காக, சக்கர நாற்காலி, வழக்கத்தைவிட அதிக நேரம் வேண்டும். ஸ்பீக்கரைப் போட்டு அவளே பேசணும், அம்மா பக்கத்தில் உட்காரலாம். குறுக்கே பேசாமல் அம்மா உட்கார்வதுதான் இதில் கஷ்டமான பாகம்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு இதெல்லாம் எட்டாது என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். உடம்புப் படத்தில் வலிக்கிற இடத்தைத் தொட்டுக்காட்டத் தெரிந்தால் அதுவும் ஒரு படிதான்.

ஜனவரி 30

பதினெட்டு முடிந்த மறுநாள் அப்பாவின் கையெழுத்து செல்லாமல் போகலாம். அந்தந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வருடம் முன்பே விசாரிக்கணும். அறுவை அறை வாசலில் நின்றுகொண்டு விசாரிக்கக் கூடாது. ஐ.நா. மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கை, 2006, பிரிவு 12: சட்டத்தின் முன் எல்லாருக்கும் சமமான தகுதி, அதைப் பயன்படுத்த உதவி. முடிவை யாரோ எடுத்துவிட்டு வந்து அறிவிப்பது உதவியில் சேராது. இரத்தம் எடுக்கச் சம்மதிக்க முடிகிறவருக்கு முதுகெலும்பு அறுவையைப் புரிந்துகொள்ளத் துணை தேவைப்படலாம். ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகப் பார்க்கணும்.

பேச முடியாமல், பலகையில் உள்ளதைக் கண்ணால் காட்டிப் பதில் சொல்லும் பிள்ளையிடம் கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். மூன்றிலேயே எல்லாரும் அம்மா பக்கம் திரும்பிவிடுகிறார்கள்.

பிப்ரவரி 3

"ஆட்டிசம், அதனால்தான் தலையில் அடித்துக்கொள்கிறான்." பல்லைப் பார்த்தீர்களா? காதைப் பார்த்தீர்களா? கடைசியாக வயிறு காலியானது எப்போது? சாப்பிட்டுப் படுத்ததும் அடித்துக்கொள்கிறானா, அப்படியென்றால் எதுக்களிப்பு இருக்குமோ என்று யாராவது கேட்டீர்களா? புதிதாக வந்த எதற்கும் பழைய நோயின் பெயரைக் காரணமாகச் சொல்லக் கூடாது. இங்கும் அதே பத்திதான். எது இயல்பு என்று எழுதியிருந்தால் எது புதிது என்று தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 4

மலச்சிக்கலை விடமாட்டேன். இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு தண்ணீராக ஒழுகுவதைப் பார்த்துப் பேதி என்று நினைத்து, நிறுத்த மருந்து கொடுக்கிறார்கள். அடைப்பு இன்னும் இறுகுகிறது. நிரம்பிய குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும், அப்போது அங்கேயும் ஒழுகும். வயிற்றுக்குள் இறங்கும் ஷண்டின் வடிகாலைக்கூட அது தடுக்கலாம். தலைவலி என்று வருகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. யாருக்கும் தோன்றாது.

பிப்ரவரி 11

பெரியவர்கள் பிரிவிலிருந்து பதில் வரவில்லை.

இங்கே கடைசிச் சந்திப்பு, அங்கே முதல் சந்திப்பு. நடுவில் இருக்கும் மாதங்களுக்கு யார் பொறுப்பு? பேக்லோஃபென் பம்ப் (தசை விறைப்பைத் தளர்த்தும் மருந்தைத் தண்டுவடப் பகுதிக்குச் செலுத்துவது) உடம்புக்குள் வைத்திருக்கும் பையனுக்கு நிரப்பும் தேதி இந்த இடைவெளிக்குள் விழுகிறது. பம்ப் காய்ந்தால் முதலில் தடிப்பில்லாத அரிப்பு, பிறகு விறைப்பு, கடும் காய்ச்சல், குழப்பம். உயிர் போகும். மாத்திரையாகக் கொடுத்து ஈடுகட்ட முடியாது. நிரப்பும் தேதியைக் கடிதத்தின் தலைப்பிலேயே போடு.

ஸ்டீராய்டில் இருப்பவர்களும் அப்படியே. ஒரு நாளும் சட்டென்று நிறுத்தக் கூடாது. வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசி. ஸ்டீராய்டு எடுப்பதைச் சொல்லும் அட்டை பர்ஸில் இருக்கணும்.

பிப்ரவரி 12

டூஷேன் தசைச் சிதைவு நோய் உள்ள பையன்களுக்கு ஆக்சிஜன் அளவு குறைந்தால் முகமூடியை மட்டும் மாட்டி விட்டுவிடாதீர்கள். மூச்சுத்தசை தளர்ந்திருக்கிறது; கரியமில வாயு ஏறும். அவர்களுக்குத் தேவை மூச்சு இயந்திரத்தின் துணை. மயக்க மருந்துக் குறிப்பில்: தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் கூடாது.

பிப்ரவரி 19

சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்ணிடம் கருத்தடை பற்றி யாரும் பேசுவதில்லை. அவளுக்குத் தேவைப்படாது என்று அவர்களே முடிவுகட்டிவிடுகிறார்கள். அதன் விலையை அவள்தான் கொடுக்கணும்.

கார்பமசெபின், ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மருந்துகள் கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைக்கும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையோ, லமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்தின் அளவை இரத்தத்தில் இறக்கும், அடங்கியிருந்த வலிப்பு திரும்பும். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து கருவைப் பாதிக்கும். ஆனால் அதைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. பதினெட்டுக்கு முன்பே நரம்பியல் டாக்டரிடம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். தண்டுவடப் பிளவு உள்ளவள் கருத்தரிக்க நினைத்தால் மாதங்களுக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் 4 அல்லது 5 மில்லிகிராம், கடையில் கிடைக்கும் 400 மைக்ரோகிராம் அல்ல.

இதையெல்லாம் அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பேசணும். பத்து நிமிடம் தனியாக. யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்ற கேள்வியையும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் கேட்க முடியும்.

பிப்ரவரி 26

கத்தீட்டர் பழகும் பெண்ணின் கடிதத்தை அவளிடமே படித்துக் காட்டியாயிற்று. "நடக்க மாட்டார்" என்ற இடத்தில் நிறுத்தினாள். "கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஆறு எட்டு வைப்பேன்." கோப்பில் எங்குமே இல்லை!

அந்த ஆறு எட்டு எழுதப்படாவிட்டால், அது நான்காகக் குறையும் நாளில் எந்த டாக்டருக்கும் தெரியப்போவதில்லை. தண்டுவடம் ஒட்டி இழுபட ஆரம்பிப்பதன் அடையாளமே அப்படி ஏதோ ஒன்றுதான்: நடை மாறுவது, முதுகுவலி, புதிதாகச் சிறுநீர் ஒழுகுவது. திருத்தியது: "பிடிமானத்தோடு ஆறு எட்டு வைத்து நடப்பார். குறைந்தால் புதிய மாற்றம், தண்டுவடத்தைப் பார்க்கவும்."

இனி எல்லாக் கடிதமும் அந்தந்தப் பிள்ளை படித்த பிறகுதான் போகும்.

மார்ச் 2

பதில் வந்தது. தேதி கொடுத்திருக்கிறார்கள். பரிசோதனை மேசை இறங்குமா, நாற்காலியோடு எடை பார்க்கும் கருவி உண்டா என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி, 2016: திட்டமிடலை 13, 14 வயதுக்குள் தொடங்கு, பெயர் சொல்லி ஒருவரைப் பொறுப்பாக்கு, மாறும் முன்பே புதிய குழுவைச் சந்திக்க வை. முதல் சந்திப்புக்கு வராவிட்டால் பெயரை அடித்துவிடும் வழக்கத்தைத்தான் முதலில் ஒழிக்கணும். வராதவர்களைத்தான் கூப்பிட்டுக் கேட்கணும்.

மார்ச் 3

தண்ணீர் பாட்டிலில் மணிக்கோடு போட்டு வைத்திருக்கிறாள். நல்லது.

மார்ச் 9

மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் நடக்கிறவர்கள் பலர் இருபதுகளிலேயே களைக்க ஆரம்பிப்பார்கள். இடுப்புவலி, முழங்கால் வலி. தூரத்துக்குச் சக்கர நாற்காலி எடுத்தால் தோற்றுவிட்டதாக வீட்டில் பேசுகிறார்கள். மிச்சமாகும் தெம்பில் மாலை முழுக்க வேலை செய்யலாம். ஆனால் நாற்காலி சின்ன வயதில் அளந்ததாக இருக்கக் கூடாது. இருக்கை அகலம், பாதப்பலகை உயரம், மெத்தை மூன்றையும் புதிதாக அளக்கணும். உட்காரும் இடத்தில் சிவப்பு தெரிந்து அரை மணிக்குப் பிறகும் மறையாவிட்டால் அதன்மேல் உட்காரக் கூடாது. உணர்வில்லாத தோலுக்குத் தினமும் இரவில் கண்ணாடி. அவளே பார்த்துக்கொள்ளணும்.

மார்ச் 11

மாலை ஐந்துக்கு மேல் பெரியவர்கள் பிரிவின் தொலைபேசியை எடுப்பது யார் என்று இன்னும் சொல்லவில்லை. நாளை மறுபடி கூப்பிடணும். கத்தீட்டர் அளவு 12-ஆ 14-ஆ என்பதையும் கேட்கணும்.