ஒரே கலப்பை, இரண்டு பங்காளிகள்: ஃபெர்குசனும் ஃபோர்டும்

ஒருவழியாக இந்த ஞாயிறு எங்கள் இரண்டு பழைய டிராக்டரையும் ஒரே வயலில் இறக்கிவிட்டோம். என்னுடையது 1951 ஃபெர்குசன் டிஇ20, முழுக்கச் சாம்பல் நிறம். நண்பனுடையது 1949 ஃபோர்டு 8என், வயிறு மட்டும் சிவப்பு. எது உசத்தி என்று எங்களுக்குள் ரொம்ப நாளாக வாய்ச்சண்டை.

உண்மையில் இது பங்காளிச் சண்டைதான். 1938ல் ஹாரி ஃபெர்குசனும் ஹென்றி ஃபோர்டும் எழுத்தில்லாமல் கைகுலுக்கிப் பேசி முடித்தார்கள். அதில் பிறந்தது 9என் டிராக்டர். உறவு முறிந்து 1947ல் ஃபோர்டு தனியாக 8என் கொண்டுவர, ஃபெர்குசன் கோர்ட்டுக்குப் போனார். 1952ல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம். அந்தப் பழைய உறவின் புண்ணியத்தில், என் இரட்டைக் கொழுக் கலப்பை நண்பன் வண்டியிலும் அப்படியே மாட்டிக்கொண்டது.

காலை வேலை கெட்டது என்னால். 8என்னில் பிளக் மாற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் வயர்களை 1-3-4-2 என்று என் வண்டியின் சிலிண்டர்கள் பற்றும் வரிசையில் மாட்டிவிட்டேன். அதன் வரிசை 1-2-4-3. இரண்டு சிலிண்டரில் நொண்டியபடி கார்புரேட்டர் வழியாகத் தும்மிக்கொண்டே இருந்தது. நான் பெட்ரோலைச் சந்தேகப்பட்டு, அதை வடிகட்டும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்! என் வண்டிக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. கியர் கம்பியை எஸ் பக்கம் தள்ளினால் ஸ்டார்ட்.

சரி, உழவு. முதலில் ஃபெர்குசன். கெட்டி மண்ணில் கொழு இறுகியதும் டாப் லிங்க் (கலப்பையின் மேல்பகுதியை வண்டியோடு இணைக்கும் கம்பி) முன்னால் தள்ளி ஸ்பிரிங்கை அழுத்துகிறது, ஹைட்ராலிக் தானாகக் கலப்பையைக் கொஞ்சம் தூக்குகிறது. அந்தப் பாரம் பின்சக்கரத்தில் ஏறுவதால் வழுக்கலும் இல்லை. சாலில் குச்சி விட்டுப் பார்த்தேன்: பொலபொலப்பான இடத்தில் ஒரு சாண், கட்டாந்தரையில் நான்கு விரற்கடை குறைவு.

8என்னும் இதையே செய்யும். கூடவே சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன லீவர் உண்டு. அதைத் திருப்பினால் லிஃப்ட், அதாவது கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக், வைத்த உயரத்திலேயே நிற்கும். அப்படி வைத்து உழுதபோது அதே கட்டாந்தரையில் சக்கரம் சுற்றியது. ஆனால் கலப்பையைக் கழற்றிவிட்டு மண் தள்ளும் பிளேடை மாட்டியதும் ஆட்டம் மாறியது. என் வண்டியில் பிளேடு ஒன்று மேலே போகும், இல்லை கீழே விழும். நடுவில் நிறுத்த லீவரை நோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவன் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிரவி முடித்தான். எரிச்சலாக இருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்று. கிளட்சை மிதித்தால் பி.டி.ஓ.வோடு (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) லிஃப்ட் பம்பும் நின்றுவிடும். சால் முடிவில் முதலில் கலப்பையைத் தூக்கு, அப்புறம் கிளட்ச். அவன் இன்னும் மாற்றித்தான் செய்கிறான். வரப்பில் இரண்டு இடத்தில் கொழுத்தடம் இருக்கிறது.