மாரிக்கு முன் கிடைக்காத அனுமதி: வன்னிக் குசினிப் புகையை அளக்கப் போன கதை

கடைசி அனுமதிக் கடிதம் கைக்கு வந்தபோது மாரி போய்விட்டது. காலபோக நெல் அறுவடைக்கு நின்றது. எங்கள் ஆய்வுக்கு மழைதான் வேண்டும். விறகு நனைந்திருக்க வேண்டும், சமையல் முற்றத்திலிருந்து உள்ளே வந்திருக்க வேண்டும், தூவானத்துக்குக் குசினித் தட்டி சாத்தியிருக்க வேண்டும். வைகாசி வெயிலில் முற்றத்து அடுப்பில் எடுத்த அளவை வைத்துக்கொண்டு மாரிகாலப் புகையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அடுத்த மாரி வரை காத்திருந்தோம். இனி வருகிறவர்களுக்கு அந்த இழப்பு வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆய்வு இதுதான். நெடுங்கேணிப் பக்கத்திலும் ஒட்டுசுட்டான் பக்கத்திலும் விறகில் சமைக்கும் வீடுகளில், குசினிக் காற்றிலுள்ள நுண்துகளையும், விறகு முழுதாக எரியாதபோது வரும் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டையும் அளப்பது. எந்த விறகு, எவ்வளவு ஈரம் என்று பார்ப்பது. அந்த வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இருமல், மூச்சிளைப்பு உண்டா என்று கேட்டுப் பதிவது. பிறகு எல்லாவற்றையும் ஒரு கணித மாதிரிக்குள் கொண்டுவந்து, அடுப்பை மாற்றுவதா, கூரையில் புகை போக வழி வைப்பதா, விறகைக் காயவைப்பதா, எது புகையை உண்மையில் குறைக்கும் என்று கணிப்பது. நான் பிரயோக கணிதம் படித்தவள். விறகின் இரசாயனமும் மூச்சின் மருத்துவமும் வேறு ஆட்களின் துறைகள். உலக சுகாதார நிறுவனம் 2014 இல் வீட்டு எரிபொருள் வழிகாட்டியை வெளியிட்டபோது இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துத்தான் வேலை செய்தது. புகைபோக்கி இல்லாத அடுப்பு நிமிடத்துக்கு 0.23 மில்லிகிராமுக்கு மேல் பி.எம். 2.5 நுண்துகளை (2.5 மைக்ரோமீற்றருக்கு மேற்படாத துகள்) வெளிவிடக் கூடாது என்ற எல்லை, குசினியை ஒரு பெட்டியாகக் கொண்டு எழுதிய சமன்பாட்டிலிருந்து வந்தது. ஆனால் எங்கள் விண்ணப்பப் படிவத்தில் ‘துறை’ என்பதற்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது.

அதில் ‘பிரயோக கணிதம்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும், ஆட்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் அறநெறி மீளாய்வுக் குழுவின் அலுவலகத்திலிருந்த முகாமைத்துவ உதவியாளர் விண்ணப்பத்தைத் திறக்காமலே திருப்பித் தந்தார். “கணிதத்துக்கு இந்த அனுமதி தேவையில்லை, பிள்ளை. உங்கள் பீடத்தில் கேளுங்கள்.” பீடத்தில் கேட்டால், “ஆட்களிடம் நோயைப் பற்றி விசாரிக்கிறீர்கள், அது மருத்துவப் பக்கம்” என்றார்கள். மறுபடியும் பழைய மேசைக்குப் போன பிறகுதான், மருத்துவம் படித்த மேற்பார்வையாளர் ஒருவரின் கையொப்பம் வேண்டும் என்ற செய்தி வெளியே வந்தது. சுவரில் ஒட்டியிருந்த ஆவணப் பட்டியலில் அது இல்லை. முதல் நாளே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் புரட்டாதியில் முடிந்திருக்கும் வேலை. இதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஆகவே, வேறு எதையும் தொடங்கும் முன் சமுதாய மருத்துவம் தெரிந்த ஒருவரை இணை மேற்பார்வையாளராக எழுத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, எந்த மேசையில் எதைக் கொடுத்தாலும் இன்னொரு பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் எழும்பாதீர்கள். எங்கள் கோப்பு ஒரு கட்டத்தில் காணாமல் போனது. “அப்படி ஒரு விண்ணப்பம் வரவே இல்லை” என்று சொன்னவர்களின் முன் அவர்களுடைய முத்திரையையே எடுத்து வைத்தேன். அன்று பின்னேரமே கோப்பு ஓர் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து கிடைத்தது.

குழுவின் கேள்விகளைப் பற்றி நியாயமாகவும் சொல்ல வேண்டும். அளந்துகொண்டிருக்கும்போது காபனோரொட்சைட்டு ஆபத்தான அளவுக்கு ஏறினால் என்ன செய்வீர்கள், தொடர்ந்து பதிவீர்களா என்று கேட்டார்கள். அருமையான கேள்வி. ஒரு மணி நேரச் சராசரி கன மீற்றருக்கு 35 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன எல்லையை எடுத்து, அதை நெருங்கினால் அளவீட்டை நிறுத்துவது, தட்டியைத் திறப்பது, ஆட்களை வெளியே கூப்பிடுவது என்று எழுதிக்கொடுத்தோம். மூச்சிளைப்போடு ஒரு பிள்ளையைக் கண்டால் எங்கே அனுப்புவீர்கள் என்றும் கேட்டார்கள். அதற்காகக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பேசப் போனோம், அவரே பிறகு எங்களுக்குப் பெரிய துணையானார். எத்தனை வீடுகளில் அளப்பது என்ற மாதிரி அளவில்தான் இழுபறி. ஒரே கிராமத்து வீடுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும், ஒரே காட்டு விறகு, ஒரே மாதிரிக் குசினி. அதனால் வழக்கமான சூத்திரம் தரும் எண்ணிக்கையை ஒரு கொத்து விளைவுக் காரணியால் பெருக்க வேண்டும். ‘வழக்கத்துக்கு மாறான கணக்கு’ என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு பக்கத்தில் படிப்படியாக விளக்கி அனுப்பினேன், அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். கணித மாணவி என்பதற்காகத் திருப்பப்பட்ட இடத்தில் கணிதமே வழி திறந்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஒப்புதல் படிவங்கள் மூன்று மொழியிலும் கேட்பார்கள், முன்பே தயார்படுத்துங்கள்.

அடுத்த முள் மாவட்ட எல்லை. நெடுங்கேணி வவுனியா மாவட்டம், ஒட்டுசுட்டான் முல்லைத்தீவு மாவட்டம். இரு பக்கத்து மக்களும் ஒரே காட்டோரத்தில் விறகு பொறுக்குகிறார்கள், கொண்டும் கொடுத்தும் வாழ்கிறார்கள். கோப்புக்கு மட்டும் எல்லை உண்டு. சுகாதாரப் பணிமனை இரண்டு, பிரதேச செயலகம் இரண்டு. ஒன்று மற்றதன் அனுமதியை முதலில் காட்டச் சொன்னது, மற்றதும் அதையே சொன்னது. கார்த்திகை மழை வெளியே கொட்டிக்கொண்டிருக்க, நான் விறாந்தை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மாகாண மட்டத்துக்கு ஒரே கடிதம் எழுதி, இரு மாவட்டங்களுக்கும் பிரதி போட்டுத்தான் முடிச்சு அவிழ்ந்தது. எல்லைக்கு இரு புறமும் ஆய்வு செய்பவர்கள் மேலிருந்து தொடங்குங்கள். கிராம அலுவலர்கள் எந்தத் தடையும் சொல்லவில்லை.

விறகு மாதிரிக்கு வருகிறேன். பாலை, வீரை, முதிரை, பனம் மட்டை, ஊமல் என்று வீட்டுக் குவியல்களிலிருந்து சிறு துண்டுகளாக எடுத்தோம். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பையைத் திறந்தவர்கள் முதிரைத் துண்டைக் கண்டதும் மரம் கொண்டுபோகும் அனுமதிப்பத்திரம் கேட்டார்கள். கைக்குள் அடங்கும் துண்டு, அடுப்புக்கு வெட்டியது என்று சொன்னது எடுபடவில்லை. பைகளைப் பிரித்து வெயிலில் பரப்பினார்கள். மத்தியானம் தாண்டித்தான் எங்களைப் போக விட்டார்கள், ஆனால் அதற்குள் விறகின் ஈரம் போய்விட்டது. ஈரத்தை அளக்கத்தானே அந்தத் துண்டுகள்! அத்தனையும் வீண். அதன் பிறகு எடுத்த இடத்திலேயே சிறு தராசில் நிறுத்து எழுதி, காற்றுப் புகாமல் பூட்டி, என்ன, எதற்கு என்று கிராம அலுவலர் கையொப்பமிட்ட கடிதத்தோடுதான் பயணம்.

ஆய்வுகூடத்தில் இரண்டு எச்சரிக்கைகள். 105 பாகை செல்சியஸில் நிறை மாறாமல் நிற்கும் வரை உலர்த்தி ஈரத்தைக் கணிப்பார்கள். முடிவுத்தாளில் ‘ஈரப்பதன்’ என்று மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள். ஈர நிறையின் அடிப்படையில் 50 வீதம் என்பது உலர் நிறையின் அடிப்படையில் 100 வீதம். இரண்டையும் கலந்த ஓர் அட்டவணை எனக்கு வந்தது, அதைக் கணித மாதிரிக்குள் இட்டபோது விடைகள் தாறுமாறாக ஓடின. அடுத்தது குண்டுக் கலோரிமானி, விறகை ஒட்சிசனில் எரித்து அது தரும் வெப்பத்தை அளக்கும் கருவி. முன்பதிவு செய்து போன நாளில் ஒட்சிசன் சிலிண்டர் வெறுமை. யாரும் சொல்லவில்லை. தொலைபேசியில் சிலிண்டரையும் அளவுதிருத்தத்துக்கான பென்சோயிக் அமிலத்தையும் பெயர் சொல்லிக் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

இந்த எண்களுக்காக ஏன் இவ்வளவு பாடு? ஈரமே இல்லாமல் உலர்த்திய விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 18 முதல் 20 மெகாஜூல் தரும். கொதிநிலையில் ஒரு கிலோ நீர் ஆவியாகவே 2.26 மெகாஜூல் போய்விடும். அந்தச் சக்தி இழப்பைவிடப் பெரிய கேடு, ஈரம் சுவாலையைக் குளிர்விப்பது. விறகிலிருந்து பிரியும் வாயுக்கள் முழுதாக எரியாமல், புகையாகவும் காபனோரொட்சைட்டாகவும் அடுப்படியில் குந்தியிருப்பவரின் நெஞ்சுக்குள் போகின்றன.

கணிதப் பக்கத்தில் ஒரே ஓர் அறிவுரை. அடுப்பு எரியும்போது மட்டும் அளந்துவிட்டுக் கருவியைக் கழற்றாதீர்கள். செறிவு ஒரு மட்டத்தில் நிலைத்திருக்கும்போது, அடுப்பு கக்கும் அளவையும் காற்றோட்டத்தையும் தனித்தனியே பிரிக்க முடியாது. அவற்றின் விகிதம் மட்டுமே தெரியும். நெருப்பு அணைந்த பின் புகை குறைந்துபோகும் வேகம்தான் காற்றோட்டத்தைத் தனியாகக் காட்டும். அந்தப் பின்பகுதிக்காக வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒளிச்சிதறலில் வேலை செய்யும் மலிவான உணரிகள் மாரிகால ஈரக் காற்றில் நுண்துகளைக் கூட்டிக் காட்டும், வடிதாளில் துகளைப் பிடித்து நிறை பார்த்துத் திருத்தாமல் அவற்றை நம்பக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் பி.எம். 2.5 க்கான 24 மணி நேர எல்லையை கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராமாகக் குறைத்திருக்கும்போது, திருத்தாத எண்ணை ஒரு தாயிடம் காட்டுவது அநியாயம்.

அளவீடுகள் நல்லபடியாக நடந்தன. ஒரு வீட்டில் அம்மா ஒருவர், “புகை இல்லாவிட்டால் பின்னேரம் நுளம்பு பிடுங்கி எடுத்துவிடும், பிள்ளை. அதற்கு என்ன செய்வது?” என்று கேட்டார். இலங்கை மலேரியாவை ஒழித்த நாடு என்று 2016 இல் சான்றிதழ் கிடைத்துவிட்டது, ஆனால் டெங்கு போகவில்லை. புகையைக் குறைக்கச் சொல்லிவிட்டு நுளம்பைப் பற்றிப் பேசாமல் வருவது பொதுச் சுகாதாரமே அல்ல. அந்தக் கேள்வியை வினாக்கொத்தில் சேர்க்க விரும்பினோம். ஒரு கேள்வியைச் சேர்ப்பதற்கும் திருத்த அனுமதி எடுக்க வேண்டும் என்றார்கள். உங்கள் வினாக்கொத்தின் கடைசியில் ‘வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா’ என்று ஓர் இடம் விட்டுவைத்தால் இந்த அலைச்சல் இராது.

அடுத்த சுற்று ஐப்பசியில் தொடங்க வேண்டும். திருத்த விண்ணப்பத்தை ஆனியிலேயே கொடுத்துவிட்டேன். முத்திரை பதித்த பிரதி என்னிடம் இருக்கிறது.