ஆறு பிரேம் அவகாசம்

ஐந்து மாதமாக மாலை வேளைகளில் ஒரு பிளாட்ஃபார்ம் கேம் செய்துவருகிறேன். ஓட வேண்டும், தாவ வேண்டும், சுவரை உதைத்து மறுபடி தாவ வேண்டும். கேம் செய்ய உதவும் கோடாட் என்ற மென்பொருளில் செய்கிறேன், இருபது லெவல். போன மாதம் எட்டு நண்பர்களுக்கு முதல் பதிப்பைக் கொடுத்தேன். ஆறு பேர் நான்காவது லெவலைத் தாண்டவில்லை. "பட்டனை அமுக்கினேன், தாவவே இல்லை" என்று மூன்று பேர் சொன்னார்கள்.

கேமின் நிரலில் பிழை எதுவும் அகப்படவில்லை. அதனால் பட்டன் அமுங்கும் கணத்தில் திரை மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிகிற மாதிரி செய்து, ஒருவர் ஆடியதைப் பதிவுசெய்து பிரேம் பிரேமாக, அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படமாக, பார்த்தேன். புள்ளி வரும்போது பாத்திரம் ஏற்கெனவே விளிம்பைத் தாண்டியிருந்தது. இரண்டு பிரேம், மூன்று பிரேம்தான். நொடிக்கு 300 பிக்சல் ஓட்டம், 60 பிரேம். ஆக ஒரு பிரேமுக்கு 5 பிக்சல். பாறையின் கடைசி 30 பிக்சலுக்குள் தாவினால்தான் அக்கரை சேரலாம் என்றால், ஆடுபவருக்குக் கிடைப்பது ஆறே பிரேம். வேகம் பாதியாக இருந்தால் பன்னிரண்டு. வேகத்தைக் கூட்டக் கூட்ட ஆடுபவரின் அவகாசத்தைத்தான் நான் பறித்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு மருந்து பழையதுதான்: கயோட்டி டைம். ரோட் ரன்னர் கார்ட்டூனில் கயோட்டி என்ற ஓநாய் போன்ற விலங்கு பள்ளத்தின் மேலே வெறும் காற்றில் நிற்குமே, அதிலிருந்து வந்த பெயர். கால் விளிம்பை விட்டபிறகும் சிறிது நேரம் தாவ அனுமதிப்பது. 2018இல் வந்த செலஸ்ட் என்ற கேமில் இது 0.1 நொடி. நானும் அதையே வைத்தேன், ஆறு பிரேம். தரையிறங்குவதற்குச் சற்று முன்பே அமுக்கிய பட்டனை நினைவில் வைக்கவும் அதே 0.1 நொடி. முதல் நாள், தாவியதும் இந்த அவகாசத்தை எண்ணும் டைமரைப் பூஜ்யமாக்க மறந்துவிட்டேன். பாத்திரம் காற்றிலேயே இரண்டாம் முறை தாவியது. ஒரு வரியில் சரியானது.

அடுத்து ஈர்ப்பு. 64 பிக்சல் உயரத்தை எட்ட 0.4 நொடி ஆனதை 0.32 ஆக்கினேன். உயரத்தின் இரு மடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஈர்ப்பு வரும். 800 இப்போது 1250. மிதப்பது போலிருந்த தாவல் கையோடு ஒட்டிக்கொண்டது.

விழுந்தால் திரை இருண்டு மறுபடி தொடங்க 1.8 நொடி ஆகிக்கொண்டிருந்தது. 2010இல் வந்த சூப்பர் மீட் பாய் என்ற கேம், செத்த மறுகணமே ஆளைத் தொடக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடும்; அதனால்தான் ஐம்பது முறை செத்தாலும் அலுக்காது. நான் 0.3க்குக் குறைத்தேன், இசையையும் நிறுத்தாமல் ஓடவிட்டேன். என்னைக் கேட்டால் இந்தப் பதிப்பின் மிகப் பெரிய மாற்றம் இதுதான்.

இரண்டாவது பதிப்பை ஆடியவர்களில் நான்கு பேர், "ஓட்டத்தை வேகப்படுத்திவிட்டாயா?" என்று கேட்டார்கள். அந்த 300ஐ நான் தொடவே இல்லை. அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் ஒன்பதாவது லெவல். ஒருத்தி சட்டென்று கடந்துவிட்டாள், மற்றவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அளந்து பார்த்தபோது காரணம் புரிந்தது. காற்றில் இருக்கும் நேரம் 0.8இலிருந்து 0.64 நொடியானதில் தாவல் தூரம் 240இலிருந்து 192 பிக்சலாகிவிட்டது. பாத்திரத்தின் அகலம் 16ஐச் சேர்த்தாலும் 208தான், பள்ளமோ 220. விளிம்பைத் தாண்டிய பிறகு தாவினால் மட்டுமே கடக்க முடியும். அவள் தன்னையறியாமல் அதைச் செய்திருக்கிறாள்.

பழைய தாவலுக்கு அளந்த பள்ளங்களை எல்லாம் இப்போது திரும்ப அளந்துகொண்டிருக்கிறேன். கட்டாயமாகத் தாண்ட வேண்டிய பள்ளம் எதுவும் 180ஐத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறேன். பதினொரு லெவல் முடிந்தது, ஒன்பது பாக்கி.