“தெரியலை” என்கிற பிள்ளை

மே 18, ஞாயிறு

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததிலிருந்து வீட்டில் போன் ஓயவில்லை. மதிப்பெண்ணைக் கேட்டவர்கள் அடுத்த மூச்சிலேயே “என்ன குரூப்?” என்கிறார்கள். தம்பி மகள் என்னிடம்தான் இருக்கிறாள், அவன் சிங்கப்பூரில். “இன்னும் தெரியலை” என்று எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி, இப்போது போன் அடித்தாலே மாடிக்கு ஏறிவிடுகிறாள்.

பெரியப்பா பேரனுக்கும் இவள் வயதுதான். “பர்ஸ்ட் குரூப், நீட், எம்.பி.பி.எஸ்.” என்று மூச்சு விடாமல் சொல்கிறான். “என்ன தெளிவு பாருங்க” என்று உறவெல்லாம் மெச்சுகிறது. அவன் அப்பச்சி (அப்பா) டாக்டர், ஐயாவும் (தாத்தா) டாக்டர். வேறு எதையாவது அவன் யோசித்துப் பார்த்தானா என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

1966-இல் ஜேம்ஸ் மார்சியா என்கிற உளவியலாளர் இந்த இடத்தைத்தான் தொட்டார். கல்லூரிப் பையன்களிடம் தொழில், மதம், அரசியல் பற்றிப் பேசி, இரண்டு விஷயங்களைக் கவனித்தார். இவன் தேடிப் பார்த்திருக்கிறானா? எதையாவது உறுதியாகப் பற்றியிருக்கிறானா? தேடாமலே பற்றிக்கொண்டவன் பெரியவர்கள் கொடுத்ததை அப்படியே வாங்கி வைத்திருப்பவன். தேடிக்கொண்டிருப்பவனுக்கு இன்னும் பிடி கிடைக்கவில்லை. தேடி முடித்துப் பற்றியவன் ஒருவன். தேடவும் இல்லை, பற்றவும் இல்லை என்று மிதப்பவன் இன்னொருவன்.

மிதப்பவனும் தேடுகிறவனும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: “தெரியலை”. வீட்டில் இருக்கிறவர்கள்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். இவள் போன மாதம் வங்கியில் இருக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாயங்காலம் முழுக்கக் கேள்வி கேட்டாள். நேற்று எட்டாம் வகுப்பில் வரைந்த நோட்டையெல்லாம் எடுத்துப் பரப்பி வைத்திருந்தாள். இது தேடல். மார்சியா பேசியவர்கள் கல்லூரிப் பையன்கள் என்பதையும் மறக்கக்கூடாது. அவர்களே தடுமாறிய கேள்விக்குப் பதினைந்து வயதுப் பிள்ளை போனிலேயே பதில் சொல்ல வேண்டும் என்று நிற்கிறோம்.

மே 21, புதன்

தம்பி கூப்பிட்டான். அக்காவை எங்கள் பக்கம் ஆச்சி என்போம். “ஆச்சி, நீங்க சொன்னா கேப்பா. சயின்ஸ்ல சேத்து விட்ருங்க, பின்னாடி பாத்துக்கலாம்.” நான் சொன்னால் கேட்பாள் என்பதுதான் எனக்குப் பயம். அவளையே பேசச் சொன்னேன். கம்ப்யூட்டரும் கணக்கும் என்று இப்போதைக்குச் சேர்வதாகவும், பிறகு மாற்ற முடியுமா என்று பள்ளியில் கேட்டுவிட்டதாகவும் சொன்னாள். அவளாகவே விசாரித்திருக்கிறாள்!

ஜூன் 8, ஞாயிறு

வீட்டின் இரண்டாம் கட்டில், உள்பகுதியில், பழைய பெட்டிகளைத் துடைத்தோம். அவளுக்கு ஒரு சம்பளச் சீட்டு கிடைத்தது. எங்கள் ஐயாவின் அப்பச்சி பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது லேவாதேவிக் கடையில் வேலை பார்க்கப் போனபோது எழுதிய வேலை ஒப்பந்தம். தாள் மடிப்பில் கிழிந்திருக்கிறது, எழுத்து கெடவில்லை.

“இவுகளுக்கு அப்ப என்ன வயசு அயித்தை?” என்று கேட்டாள். மீசை அரும்புகிற வயதில் கப்பல் ஏறியவர் என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடையில் முதலில் பெட்டியடிப் பையன், கணக்கு தெரிந்தபின் அடுத்தாள், நம்பிக்கை வந்தால் மேலாள். ஒரு தவணை மூன்று வருஷம். முடிந்து ஊர் வந்து, திரும்பக் கப்பல்.

அந்தப் பையனிடம் “நீ யார்?” என்று கேட்டால் திகைத்திருக்கவே மாட்டான். ஊர், நகரத்தாரான எங்களுக்குரிய ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயில், வீட்டு விலாசம், ஐயாவின் பெயரே தன் பெயர், கடை. பிறக்கும்போதே பாதி விடை எழுதியாயிற்று. மீதியைச் சம்பளச் சீட்டு எழுதியது. இதை நான் குறைவாக நினைக்கவில்லை. கடல் தாண்டிப் போன பிள்ளைக்கு, இன்னார் வீட்டுப் பிள்ளை என்கிற நினைப்பு பெரிய தைரியம். இன்றைக்கும் எங்கள் பிள்ளைகள் எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பிடி இருக்கிறது.

ஆனால் 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான். கடை போயிற்று, நிலம் போயிற்று. கால்நடையாகவே வந்து சேர்ந்தவர்கள் உண்டு. திரும்பி வந்த அந்தத் தலைமுறையில் சிலர் புதிதாகத் தொழில் தொடங்கினார்கள். சிலர் முகப்பில் சாய்ந்தபடியே காலத்தைக் கழித்தார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒருவர். அவரைச் சோம்பேறி என்று அப்பத்தா சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்பாது. லேவாதேவி தவிர வேறொருவராகத் தன்னை நினைத்துப் பார்க்க அவருக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை. ஒரே ஒரு விடை வைத்திருந்தவரிடமிருந்து அந்த விடையைப் பிடுங்கிக்கொண்டது காலம்.

ஜூன் 24, செவ்வாய்

கண்ணதாசன் பிறந்த நாள். காரைக்குடியில் அவர் மணிமண்டபத்துக்கு மாலை போட வந்த கூட்டத்தைப் பள்ளி விட்டு வரும்போது பார்த்தோம்.

அவர் கதையை அவளுக்குச் சொன்னேன். 1927-இல் சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்தார். தத்துப் பிள்ளையாக வேறு வீட்டுக்குக் கூட்டிப் போனபோது நாராயணன் ஆனார். இரண்டுமே அடுத்தவர் வைத்த பெயர்கள். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. பத்திரிகைக்கு எழுத வந்தபோது கண்ணதாசன் என்று தனக்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டார். நாடு இன்று அறிவது அந்தப் பெயரைத்தான்.

எரிக் எரிக்சன் கதையும் இதே போலத்தான். வளரிளம் பருவத்தின் வேலையே ‘நான் யார்’ என்பதைக் கண்டடைவதுதான், அதற்குச் சமூகம் சற்று அவகாசம் தர வேண்டும் என்று எழுதிய உளவியலாளர் அவர். 1902-இல் ஜெர்மனியில் பிறந்தார். பெற்ற தகப்பன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. வளர்த்தவர் பெயரான ஹோம்பர்கரோடு வளர்ந்தார். இளமையில் ஓவியம் வரைந்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். 1939-இல் அமெரிக்கக் குடிமகனானபோது எரிக்சன் என்று பெயரை மாற்றிக்கொண்டார். தேடுவதற்கு அவகாசம் வேண்டும் என்று அவர் சொன்னது சொந்த வாழ்க்கையிலிருந்தும் வந்தது என்றே நம்புகிறேன்.

“அப்ப நானும் பேரை மாத்திக்கவா?” என்று கேட்டாள். அப்பத்தா பெயர்தான் இவளுக்கு. மாற்று, ஆனால் முதலில் அந்தப் பெயரோடு கொஞ்சம் இருந்து பார் என்றேன். யோசித்தாள்.

ஜூலை 12, சனி

இந்த வாரம் பள்ளியில் நான் பாடம் எடுக்கும் வகுப்பு பற்றி எழுத நிறைய இருக்கிறது.

ஒரு பெண் இரண்டு நாளாக முன்வரிசையிலிருந்து கடைசி பெஞ்சுக்கு மாறியிருக்கிறாள். கன்னத்தில் பரு. வகுப்பே தன் கன்னத்தைத்தான் பார்க்கிறது என்று நினைக்கிறாள். உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-இல் இதைக் கற்பனைப் பார்வையாளர்கள் என்று விளக்கினார்: எதிரே இல்லாத கூட்டத்தின் முன்னால் இந்த வயதுப் பிள்ளை எப்போதும் மேடையில் நிற்கிறது. இப்போது கையில் போனும் இருக்கிறது. ஒரு படம் போட்டால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கையே வந்துவிடுகிறது. “யாரும் உன்னைப் பார்க்கவில்லை” என்று சொல்வது ஆறுதல் ஆகாது. கரும்பலகையில் எழுத அவளைக் கூப்பிடுவதை மட்டும் தள்ளிப்போட்டு, பாட நோட்டை வாங்கி அவள் எழுதிய பத்தியைப் பெயர் சொல்லாமல் வகுப்பில் வாசித்தேன். தலை நிமிர்ந்து கேட்டாள்.

இன்னொருவன், ஆத்தங்குடியிலிருந்து வருகிறான். அப்பா டைல்ஸ் பட்டறையில் வேலை. அப்பா தொழில் என்ன என்ற இடத்தில் “கூலி” என்று எழுதியிருந்தான். கணக்கில் தோற்றுக்கொண்டே இருப்பவன். “உனக்கு நல்ல மூளை இருக்குடா” என்று போன ஆசிரியர்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது. தன்மதிப்பு என்பது, எதில் நாம் சாதிக்க ஆசைப்படுகிறோமோ அதில் எவ்வளவு சாதிக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே எழுதினார். பின்னால் வந்த உளவியலாளர் சூசன் ஹார்ட்டர் அதைப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்து இன்னொன்றையும் சேர்த்தார்: தனக்கு முக்கியமானவர்கள் தன்னை மதிக்கிறார்கள் என்கிற உணர்வும் வேண்டும். வெறும் புகழ்ச்சி இந்த இரண்டில் எதிலும் சேராது.

வியாழக்கிழமை கைத்தொழில் பற்றிய பாடம். அவனிடம் பட்டறையில் நடப்பதைச் சொல்லச் சொன்னேன். முதலில் மேசையைப் பார்த்தே பேசினான். கண்ணாடியின்மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்ட் கரைசலை அந்தந்தக் கட்டத்தில் ஊற்ற வேண்டும். அச்சை எடுக்கும்போது கை நடுங்கினால் பூ கலைந்துவிடும். மேலே காய்ந்த சிமெண்டும் மணலும், அதற்கு மேல் கலவை. பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவிட்டு, கடைசியில்தான் கண்ணாடி பிரிந்து வரும், அதனால்தான் பளபளப்பு. மணல் நம்மூர் மணலாக இருக்க வேண்டும் என்று சொல்லும்போது குரல் உயர்ந்துவிட்டது. “உனக்குப் போட வருமா?” என்று ஒருவன் கேட்டான். “லீவுல அப்பாகூடப் போடுவேன். தாமரை போடுவேன்.” மணி அடித்தும் பையன்கள் அவனை விடவில்லை.

கணக்கு அடுத்த வாரமே வந்துவிடாது. ஆனால் நேற்று அவனாக வந்து, டைல்ஸ் கட்டங்களின் அளவைக் கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்ததாகக் காட்டினான். இரண்டு தப்பு. திருத்திக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. சித்ரான்னம் செய்து முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

சாப்பிடும்போது திடீரென்று கேட்டாள்: “பள்ளிக்கூடத்துல வாயாடி, வீட்டுல அப்பத்தா முன்னாடி வாயே திறக்கிறதில்லை, போன்ல சிநேகிதிககிட்ட இன்னொரு ஆளு. இதுல எது நெசமான நான் அயித்தை? நடிக்கிறேனோன்னு இருக்கு.”

பத்து வயதில் இந்த முரண் பிள்ளைகள் கண்ணில் படுவதில்லை. பதினான்கு, பதினைந்தில் பளிச்சென்று தெரிகிறது, ஆனால் சேர்த்துவைக்கும் வழி இன்னும் தெரிவதில்லை. அதனால்தான் இத்தனை உறுத்தல். இன்னும் சில வருஷத்தில் ‘ஆளுக்குத் தக்கபடி பேசுகிறவள் நான்’ என்று அவர்களே ஒன்றாக்கிக்கொள்கிறார்கள். இதுவும் ஹார்ட்டரின் ஆய்வுகளில் வந்ததுதான். அவளிடம் சொன்னேன். அப்பத்தா முன்னால் ஏன் பேசுவதில்லை என்றும் கேட்டேன். பயமில்லையாம், அவுக சொல்வதைக் கேட்கப் பிடிக்குமாம். அப்படியானால் அதில் நடிப்பு எங்கே இருக்கிறது?

ராத்திரி தம்பி கூப்பிட்டான். நீட் வகுப்புக்கு இன்னும் இடம் இருக்கிறதாம், பணம் கட்டவா என்றான். போனை அவளிடம் கொடுத்தேன். “அப்பச்சி, பணம் கட்டாதீக. நான் இன்னும் பாத்துக்கிட்டிருக்கேன். கட்டடம் வரையிற படிப்பு ஒண்ணு இருக்கு, அதைப் படிச்சவுக ரெண்டு பேரைப் பாக்கணும்.” அவன் விடவில்லை, இவளும் விடவில்லை. கால் மணி நேரம். கடைசியில் “சரி, பாத்துட்டுச் சொல்லு” என்றான்.

சனிக்கிழமை காலை கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றைச் செப்பனிடுகிற கட்டடக்கலைப் பெண்ணைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறாள். நான் கூட வர வேண்டும், ஆனால் பேசக் கூடாதாம்.