கோபுரம் வரையக் கூடாது: ஒரு வடிவமைப்பு வகுப்பின் நாட்குறிப்பு

2025 ஜனவரி 6, திங்கட்கிழமை

மூன்றாமாண்டு காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்கு இந்தப் பருவத் திட்டப்பணியாக ‘என் ஊர்’ என்ற தலைப்பைக் கொடுத்திருக்கிறேன். ஏ2 அளவில் ஒரு சுவரொட்டியும், அந்த வடிவத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதைக் காட்டும் குறிப்பேடும் தர வேண்டும். முதல் வரைவுகளை இன்று வகுப்புச் சுவரில் ஒட்டி, எல்லாரும் நின்று பார்த்தோம். கோபுரம், மயில், யானை, வாழைமரத் தோரணம், நாட்டிய முத்திரை, மூலையில் ஒரு கோலம் என்று வரிசையாக வந்தன. ஊர்ப் பெயரை விரலால் மறைத்துவிட்டால் எது காஞ்சிபுரம், எது கும்பகோணம் என்று வரைந்தவர்களாலேயே சொல்ல முடியவில்லை.

படங்கள் ஒன்றுபோல் இருந்ததைவிட, தாளைப் பங்கிட்ட விதம் ஒன்றுபோல் இருந்ததுதான் எனக்கு உறுத்தியது. இடப்பக்கம் பெரிய உருவம், வலப்பக்கம் வெற்றிடம், கீழே சிறிய எழுத்தில் ஒரு வாசகம்: இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வார்ப்புகளின் அமைப்பு இது. அதில் கோபுரத்தைப் பொருத்தினால் தமிழ்நாடு, ஈபிள் கோபுரத்தைப் பொருத்தினால் பாரிஸ்.

ஆகவே மேற்சொன்ன உருவங்கள் எதையும் இனி வரையக் கூடாது என்று சொல்லிவிட்டேன். முணுமுணுப்பு எழுந்தது. அதற்குப் பதிலாக, 1958இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையில் சொம்பைப் பற்றி வரும் பகுதியை எடுத்துச் சொன்னேன். அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றக் காரணமாயிருந்த அறிக்கை அது. சொம்பின் மேலுள்ள பூவேலைப்பாட்டை அவர்கள் வியந்துகொண்டிருக்கவில்லை; அது எவ்வளவு நீர் கொள்ளும், இடுப்பில் வைப்பதா தலையில் வைப்பதா, நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடை எங்கே நிற்கும், ஊற்றும்போது கைக்கு எப்படி அடங்கும் என்று கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனார்கள். உங்கள் ஊரில் பார்க்கும் எந்தப் பொருளின் முன்னும் இப்படி நின்று கேளுங்கள், அதன் உருவத்தை விட்டுவிட்டு அதன் ஒழுங்கை மட்டும் எடுத்து வாருங்கள் என்றேன்.

2025 ஜனவரி 9, வியாழக்கிழமை

மார்கழி முடிவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று, விடியுமுன் மயிலாப்பூர்த் தெருக்களில் மாணவர்களோடு நடந்தேன். படம் எடுப்பதைவிடப் போடுகிறவரின் கையைக் கவனிக்கச் சொல்லியிருந்தேன். ஒரு வீட்டு வாசலில் இடைப்புள்ளிக் கோலம் ஒன்றைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்க்க முடிந்தது. பதினைந்து புள்ளியில் நடுவரிசை. அதற்கு மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து எட்டில் நிறுத்தம். மொத்தம் 169 புள்ளிகள். நடுவரிசையை வைத்து முடித்த கணத்திலேயே கோலத்தின் எல்லை தீர்மானமாகிவிடுகிறது. அந்த அம்மாள் வாசலின் அகலத்தை அளக்கவில்லை. குனிந்தபடியே பின்னால் ஓர் அடி நகர்ந்தார், அவ்வளவுதான்.

வகுப்பில் நாங்கள் கற்பிக்கும் முறை இதற்கு நேர்மாறானது. தாளின் நான்கு விளிம்புகளை முதலில் வரைந்து, ஓரம் ஒதுக்கி, பத்தி பிரித்து, பிறகே உள்ளே எதையாவது வைக்கிறோம். கோலத்தில் சட்டகம் கிடையாது. உள்ளிருந்து வெளியே வளர்ந்து, எண்ணிக்கை முடிந்த இடத்தில் நிற்கிறது. செம்மண் கரை கட்டினாலும், அது வரைந்து முடித்த பின் உருவத்தைச் சுற்றி ஓடுகிறதே தவிர, முன்கூட்டிப் போட்ட வேலியாக அமைவதில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு இயங்கிய கணித அறிஞர்களும் 1970களில் கோலத்துக்கு முறைசார் இலக்கணம், அதாவது வரைவதற்கான கணித விதிகள், எழுதியதைச் சொன்னபோது, கணினி அறிவியல் பக்கம் போயிருக்க வேண்டிய மாணவர் ஒருவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

திரும்பும் வழியில் ஒரு மாணவி என்னிடம், “எங்க வீட்டு வாசல்ல கோலம் கிடையாது மேடம். அப்ப நான் எதை எடுத்துக்கிறது?” என்று கேட்டார். கீழக்கரைக்காரர். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள் அல்லவா, வீட்டில் எழுதியும் அச்சிட்டும் வைத்திருப்பதையெல்லாம் எடுத்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

2025 ஜனவரி 20, திங்கட்கிழமை

விடுமுறை முடிந்து வந்தவர்களின் பைகள் கனத்திருந்தன. திருமணப் பத்திரிகைகள், நாட்காட்டி அட்டைகள், பழைய பயணச்சீட்டுகள், ஒரு தகரப் பெட்டி நிறையத் தீப்பெட்டிச் சிட்டைகள், அதாவது பெட்டிமேல் ஒட்டும் அச்சுப் படங்கள்.

சிட்டைகளைக் கொண்டுவந்தவர் சிவகாசிக்குப் பக்கத்து ஊர்க்காரர். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதை அவருக்கு வீட்டுக் கதை. சிட்டைகளை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தோம். நடுவில் விலங்கோ கடிகாரமோ கப்பலோ ஒன்று, மேலே வில்லாக வளைந்த எழுத்தில் பெயர், கீழே ஊர், நான்கு மூலைகளிலும் அணி. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சு என்பதால் மூன்று நான்கு நிறங்களுக்கு மேல் இல்லை. புலியின் மஞ்சளும் சட்டத்தின் மஞ்சளும் ஒன்றே. ‘இதுதான் எங்கள் மண்ணின் வடிவம்’ என்று மாணவர் குறிப்பேட்டில் எழுதியிருந்தார். சிவகாசிக்கு முன்பே சந்தையைப் பிடித்திருந்த சுவீடன், ஜப்பான் தீப்பெட்டிகளின் சிட்டைகளைத் திரையில் காட்டினேன். நடுவுருவம், வளைந்த எழுத்து, பதக்க அணிகள் எல்லாம் அங்கேயே இருந்தன. அவர் முகம் வாடியது. வாட வேண்டிய தேவை இல்லை என்பதே என் எண்ணம். கடன் வாங்கிய சட்டத்துக்குள் யார் எதை உட்கார வைத்தார்கள், எழுத்துத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கும்படி அதை எப்படி எளிதாக்கினார்கள் என்று பார்த்தால் அவருக்கு வேண்டியது கிடைக்கும்.

நாட்காட்டிகளும் இதே கதையைத்தான் சொல்கின்றன. கோவில்பட்டியில் இருந்து வரைந்த சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர், நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டியவர். அந்த மரபில் வந்த சாமி படங்களில் தெய்வம் கருவறையில் நிற்பதுபோல் நேர்முகமாக, நட்டநடுவில் நம்மைப் பார்க்கிறது. பின்னாலோ மலையும் ஏரியும் ஐரோப்பியத் தொலைநோக்கு முறைப்படி சிறுத்துக்கொண்டே போகின்றன. இரண்டும் ஒரே தாளில் சண்டையில்லாமல் இருக்கின்றன. வீட்டுச் சுவரில் பிறந்தது முதல் பார்த்துவந்தும் இதை இன்றுதான் கவனித்ததாக வகுப்பில் பலரும் சொன்னார்கள்.

மதுரை மாணவி ஒருவர் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளைக் கைப்பேசியில் படம்பிடித்து வந்திருக்கிறார். சிலர் சிரித்தார்கள். எனக்கு அது நல்ல பொருளாகப் படுகிறது.

2025 ஜனவரி 28, செவ்வாய்க்கிழமை

காஞ்சிபுரம் மாணவரின் பணிக்கே இன்றைய நேரம் முழுவதும் போயிற்று, போனது வீணில்லை. அவருடைய தந்தை கோர்வைச் சேலை நெய்பவர். முதல் வரைவில் தறியையும் நெசவாளியையும் வரைந்திருந்த அவர், தடைக்குப் பிறகு எதுவும் செய்யாமல் இருந்தார். இன்று ஒரு சேலையைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்து, கரையும் உடலும் சேரும் கோட்டைக் காட்டினார்.

சாதாரணச் சேலையில் ஒரே ஊடை (குறுக்கு இழை) ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புவரை ஓடும். உடலின் நிறம் கரைக்குள்ளும் புகுந்து அதைச் சற்றே மங்கவைக்கும். கோர்வையில் ஊடையைக் கொண்டு ஓடும் நாடாக்கள் மூன்று: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் தனித்தனியே ஒவ்வொன்று. சந்திக்கும் இடத்தில் ஓர் ஊடை மற்றொன்றைக் கோத்துப் பிடித்துத் திரும்பிவிடுகிறது. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளித் தருவதற்கு இன்னோர் ஆள் தறியில் உட்கார வேண்டியிருப்பதும் இதனால்தான். அரக்கு அரக்காகவே நிற்கிறது, பச்சை பச்சையாகவே நிற்கிறது. காஞ்சிபுரம் என்றதும் நினைவுக்கு வரும் அந்தத் துலக்கமான நிறமுரண் ரசனையால் மட்டும் வந்ததன்று. ஊடை திரும்புகிற அந்த இடம் அதைச் சாத்தியமாக்குகிறது.

அவருடைய சுவரொட்டியில் இப்போது சேலை இல்லை. அரக்கு, பச்சை என்ற இரண்டே நிறங்கள். தாள் நெடுக்குவாக்கில் மூன்றாகப் பிரிந்திருக்கிறது. கரைகளின் அகலம் அந்தச் சேலையின் விகிதப்படி. நிறங்கள் சந்திக்கும் கோடு தாழம்பூ ரேக்கைப் போலப் பல்பல்லாக ஓடுகிறது. ஊர்ப் பெயர் இடக்கரையில் கீழிருந்து மேலாக ஏறுகிறது. திரை அச்சில் இரண்டு சட்டங்களை வைத்து அவரே அச்சிட்டார். முதல் படியில் நேர்கோடாக வைத்திருந்தபோது, நிறங்கள் ஒட்டாமல் நடுவே மயிரிழை வெள்ளை தெரிந்தது. சட்டத்தைச் சற்று நகர்த்தினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கறுத்த கோடு விழுந்தது. பல்வரிசையாக மாற்றிய பிறகும் அந்தப் பிசகு இருந்தது, ஆனால் கண்ணுக்குப் படவில்லை. “தறியிலயும் அச்சிலயும் சேர்ற இடம்தான் மேடம் கஷ்டம்” என்றார். அதைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதச் சொன்னேன்.

2025 பிப்ரவரி 4, செவ்வாய்க்கிழமை

கீழக்கரை மாணவி கொண்டுவந்தது அர்வியில் எழுதிய ஒரு கையெழுத்துப் பிரதியின் சில பக்கங்களின் நகல். தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை அது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அங்குள்ள எழுத்துகளிலேயே புள்ளி கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். அவருடைய உம்மாவைப் பெற்ற பாட்டி அதைச் சரளமாகப் படிப்பாராம், உம்மாவுக்குத் தட்டுத் தடுமாறி வரும், இவருக்கு வராது. முதலில் கீழக்கரையின் பழைய பள்ளிவாசலையே வரையலாம் என்று நினைத்திருக்கிறார். கருங்கல் தூண், அதன் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகை எல்லாம் கோயில் தச்சு மரபில் இருக்க, உருவங்கள் இருக்க வேண்டிய இடத்தில் பூவும் கொடியுமாகச் செதுக்கிய கட்டடம் அது. அழகான பொருள்தான். ஆனால் அதுவும் கோபுரத்தின் இடத்தில் இன்னொரு கட்டடமாகிவிடும் என்று அவரே விட்டுவிட்டார்.

அர்வியில் அவருக்குக் கிடைத்திருப்பது தூய கட்டமைப்புச் சிக்கல். ஒரே வாக்கியம் இரண்டு எழுத்துகளில். தமிழ் எழுத்தில் இடமிருந்து வலம், அர்வியில் வலமிருந்து இடம். ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் கீழே இருப்பது மொழிபெயர்ப்பு என்று நினைத்துவிடுவார்கள். இரண்டும் ஒரே சொற்கள் என்பதே அங்கே விஷயம். பக்கத்துப் பக்கமாக, இரண்டும் தாளின் நடுவே தொடங்கி விளிம்புகளை நோக்கி ஓடினால், ஒன்றுக்கொன்று முதுகு காட்டி விலகிப்போகின்றன. விளிம்புகளில் தொடங்கி நடுவே முடிந்தால் முகத்துக்கு முகம் வந்து சேர்கின்றன, ஆனால் எங்கே பார்வையைத் தொடங்குவது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. எழுத்துகளின் எடையும் பொருந்தவில்லை. தமிழ் எழுத்து சதுரத்துக்குள் அடங்கி உருண்டு நிற்பது, ‘ண’வும் ‘ஞ’வும் அகலத்தில் இடத்தை அடைத்துக்கொள்வது, அரபு எழுத்து அடிக்கோட்டில் நீண்டு, மேலும் கீழும் புள்ளி சிதறிப் பறப்பது. தமிழை ஒரு பங்கு சிறிதாக்கி, அர்வியின் அடிக்கோட்டை நீட்டி, இரண்டின் கறுப்பும் ஏறக்குறைய ஒரே அளவாகும்வரை நகர்த்திக்கொண்டே இருந்தார்.

யாருடைய அடையாளம் என்ற கேள்வியும் வகுப்பில் வந்தது. நீலகிரி மாணவர் எழுப்பினார். தோடர்களின் சிவப்பு, கறுப்புப் பூத்தையல் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. நகரத்துக் கடைகளில் அது கைப்பேசி உறையிலும் தேநீர்க் கோப்பையிலும் அச்சாகிவிட்டது. தோடர் பெண்கள் துணியில் கோடு வரைந்துகொள்ளாமல் இழையை எண்ணித் தைப்பவர்கள். கோப்பையில் எண்ணுவதற்கு இழை ஏது என்று கேட்டார். தான் தோடர் அல்லாததால் அதை எடுப்பதில்லை என்று முடிவு செய்து, தேயிலைத் தோட்ட வரிசைகளையும் எடைச்சீட்டுகளையும் எடுத்திருக்கிறார். நல்ல முடிவு.

2025 பிப்ரவரி 8, சனிக்கிழமை

சோழமண்டலம் போய்வந்தோம். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் தம் மாணவர்களோடு உருவாக்கிய ஓவியர் கிராமம். பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் விற்ற பணத்தில் எழுந்தது. 1963 முதல் பணிக்கர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைப் பற்றி அங்கே பேசினோம். ஜாதகக் கட்டம், கணக்கு வரிசை, படிக்க முடியாத எழுத்து. ஜாதகத்தில் அவர் எடுத்துக்கொண்டது கட்டங்கள் உட்காரும் முறையை. நான் வாரக்கணக்கில் வகுப்பில் சொல்லிக்கொண்டிருப்பதை மாணவர்கள் ஐந்து நிமிடத்தில் புரிந்துகொண்டார்கள்.

2025 பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை

இன்று மதிப்பீடு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் விளம்பரத் துறையில் நெடுநாள் அனுபவம் உள்ளவர், தொழில் தெரிந்தவர். கோர்வைச் சுவரொட்டியின் அச்சுத் தரத்தைப் பாராட்டிவிட்டு, “பார்த்தவுடனே தமிழ்நாடுன்னு தெரியலையே, ஓரத்துல ஒரு மயில் வச்சிருக்கலாமே” என்றார். மாணவர், “எங்க அப்பா நெய்யுற கரையிலயே மயில் உண்டு சார். ஆனா கரை எங்க நிக்கணும்னு மயில் முடிவு பண்றதில்லை” என்றார். தேர்வாளர் சிரித்தார், மதிப்பெண்ணில் கை வைத்துவிட்டார். நான் உள்மதிப்பீட்டில் என் பங்கைக் குறைக்கவில்லை. பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பது சுற்றுலாத் துறைக்கு எழுதும் விளம்பரத்தில் நியாயமான நிபந்தனை. ஊர்க்காரருக்கு ஊரைப் பற்றிச் சொல்லும் தாளில் அதை ஏன் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அர்விச் சுவரொட்டியின் முன் அவர் நெடுநேரம் நின்று, எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்று கேட்டார். “உங்களுக்கு எந்தப் பக்கம் வருமோ அந்தப் பக்கம்” என்று பதில் வந்தது. அதற்கு முழு மதிப்பெண்.

மதுரை மாணவியின் பணிதான் அதிகம் பேசப்பட்டது. தெருப் பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கும் ஒரு கண்மாய்க்குக் கண்ணீர் அஞ்சலி. நடுவே வட்டத்துக்குள், உருவப்படத்தின் இடத்தில், நிலவரைபடத்திலிருந்து எடுத்த கண்மாயின் கரைக்கோடு. இருபுறமும் ‘தோற்றம்’, ‘மறைவு’. கீழே ‘வருத்தத்துடன்’ என்று தொடங்கி, அந்த நிலத்தின்மேல் எழுந்த தெருக்களின் பெயர்கள் உறவுமுறைப்படி சிறுத்துக்கொண்டே போகின்றன. தஞ்சாவூர் ஓவியத்தில் நடுத்தெய்வம் பெரிதாகவும் சுற்றியிருப்போர் தகுதிக்கேற்பச் சிறிதாகவும் அமைவதைக் குறிப்பேட்டில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருந்தார்.

திங்கட்கிழமை முதல் தாழ்வாரத்தில் கண்காட்சி. அஞ்சலிச் சுவரொட்டியை மட்டும் வெளி மதில்சுவரில், பசை தடவி ஒட்ட வேண்டும் என்று கேட்கிறார். யாரோ இறந்துவிட்டதாக நினைத்து விசாரித்து வருவார்கள் என்று அலுவலகத்தில் தயங்குகிறார்கள். விசாரித்து வரட்டும் என்று கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.