படம் ஒன்று சொல்கிறது, சீட்டு 93 என்கிறது

மார்ச் 3, திங்கள்

வேக அபராதச் சீட்டு தபாலில் வந்தது. வரம்பு 60, பதிவான வேகம் மணிக்கு 93 கிலோமீட்டர். இரண்டு இடங்கள் இடிக்கின்றன. உரிமையாளர் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. சீட்டில் அச்சிட்ட இரண்டு கேமராப் படங்களில் தெரியும் ஓட்டம் 93-க்கு உரியதாக இல்லை.

பணம் கட்டக் கூடாது. பல இடங்களில் கட்டினாலே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். பதில் போடாமல் இருப்பது அதைவிட மோசம். கெடு, சீட்டு அனுப்பிய தேதியிலிருந்தா கையில் கிடைத்த நாளிலிருந்தா என்பதைப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் பார்க்க வேண்டும். தபால் முத்திரை விழுந்த உறையையும் சீட்டோடு சேர்த்து வைக்க வேண்டும். ஓட்டியவர் யார் என்று கேட்கும் படிவம் கூட வந்திருந்தால் அதற்குத் தனிக் கெடு. அதை நிரப்பி அனுப்பாதது சில நாடுகளில் தனிக் குற்றம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் டேஷ்கேம் (வண்டிக்குள் சாலையைப் படமெடுக்கும் கேமரா) மெமரி கார்டைக் கழற்றி எடுத்தாயிற்று. கார்டு நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் சாட்சியம் அழிந்திருக்கும்.

மார்ச் 4, செவ்வாய்

பெயர்ப் பிழையை மட்டும் நம்பி வழக்காடக் கூடாது. எழுத்துப் பிழை, வண்டி நிறம், தெருப் பெயரில் ஒரு புள்ளி போன்றவற்றைப் பெரும்பாலும் விசாரணையின்போதே திருத்திக்கொள்ள அனுமதிப்பார்கள். எந்த வண்டி, எந்த இடம், எந்த நேரம், எவ்வளவு வேகம், அங்கே வரம்பு என்ன என்பவற்றில் ஒன்றை அசைக்கும் பிழைதான் பயன்படும். நம்பர் பிளேட்டைக் கேமரா படிக்கும்போது 8-ஐயும் பி-யையும், 0-வையும் டி-யையும் மாற்றிப் படிப்பது உண்டு. இங்கே நம்பர் சரியாகவே இருக்கிறது. ஆகவே வேகம் ஒன்றுதான் பிடி.

மார்ச் 6, வியாழன்

கணக்கு. இரண்டு படங்களுக்கு இடையே 0.5 விநாடி. சாலையில் 2 மீட்டருக்கு ஒன்றாக வெள்ளைக் கோடுகள். 93 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 25.8 மீட்டர் போகும். அரை விநாடியில் 12.9 மீட்டர், அதாவது ஆறு கோட்டு இடைவெளிக்கும் மேல். படத்தில் முன்சக்கரம் ஐந்து இடைவெளிதான் நகர்ந்திருக்கிறது. 10 மீட்டர், மணிக்கு 72.

சக்கரம் தரையைத் தொடும் புள்ளியிலிருந்துதான் அளக்க வேண்டும். கூரையையோ பம்பரையோ பிடித்தால் கேமராக் கோணம் ஏமாற்றிவிடும். கோட்டைப் படிப்பதில் 1 மீட்டர் பிசகினாலும் வேகம் 7.2 கிலோமீட்டர்தான் மாறும். இங்கே வித்தியாசம் 21. கண் பிசகு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

மார்ச் 7, வெள்ளி

ஆவணங்கள் கேட்டுக் கடிதம், ஒப்புகை அட்டையுடன். கேட்டவை: வெட்டப்படாத முழு அளவுப் படங்கள், சம்பவ நாளில் செல்லுபடியான அளவுச் சரிபார்ப்புச் சான்றிதழ், கருவியின் சீரியல் நம்பர், அன்றைய சோதனைப் பதிவேடு. ஆட்சேபணையின் காரணத்தை இந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை.

மார்ச் 24, திங்கள்

ஆவணங்கள் வந்தன. சான்றிதழ் காலாவதியாகவில்லை, சீரியல் நம்பரும் பொருந்துகிறது. கருவியில் குறையில்லை.

முழுப் படம்தான் விஷயத்தை உடைத்தது. சீட்டில் அச்சிட்டிருந்தது வெட்டிய படம். முழுப் படத்தில் பக்கத்துத் தடத்தில் இன்னொரு வண்டி முந்திக்கொண்டு போகிறது. வேகத்தை அளந்த கருவி ஒரு ரேடார். அது அனுப்பும் அலைக் கற்றை கோடு போல நேராகப் போவதில்லை, விசிறியாக விரியும். 12 டிகிரி அகலமுள்ள கற்றை 100 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 21 மீட்டர் அகலத்தை மூடிவிடும். அதற்குள் இரண்டு வண்டிகள் இருந்தால் 93 யாருடையது என்பதை எண் மட்டும் சொல்லாது.

ரேடார் சாய்வாக நின்றதால் தவறு என்ற வாதத்தை இங்கே எடுக்கவே கூடாது. நிலையாக நிற்கும் ரேடாரில் கோணம் கூடினால் வேகம் குறைவாகத்தான் பதியும்: 20 டிகிரியில் 80 என்பது 75 ஆகும். அதைச் சொன்னால் உண்மை வேகம் இன்னும் அதிகம் என்று நாமே சொன்னதாகிவிடும்.

மார்ச் 26, புதன்

ஆட்சேபணைக் கடிதம், ஒரே பக்கம். இதில் ஒரு சிக்கல் உண்டு: 72-ம் வரம்புக்கு மேல்தான். "என் வேகம் 72" என்று எழுதுவது ஒப்புதல் வாக்குமூலம். எழுதியது இவ்வளவுதான்: 93-க்கு 12.9 மீட்டர் நகர வேண்டும். படத்தில் அந்த நகர்வு இல்லை. கற்றைக்குள் வேறொரு வண்டி இருக்கிறது. ஆகவே இந்த அளவீடு இந்த வண்டியுடையது என்பது நிறுவப்படவில்லை. எண்ணிய கோடுகளைச் சிவப்பில் குறித்த படங்கள் இணைப்பு, மூன்று பிரதிகள். 72 என்னவாயிற்று என்று கேட்டால் பொய் சொல்வதற்கில்லை. கணக்கை அப்படியே காட்டிவிட வேண்டும். அப்படிப் போனாலும் பல இடங்களில் அபராதம் குறைந்த வேகத்துக்கான படிக்கு இறங்கும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

சீட்டைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும். ஓட்டுநர் உரிமப் பதிவில் குற்றப் புள்ளி ஏறியிருக்கிறதா என்று இன்று பார்த்தபோது அபராதம் இன்னும் நிலுவை என்றே காட்டுகிறது. இப்படியே விட்டால் தாமதக் கட்டணத்தோடு நினைவூட்டல் வரும். கடிதத்தின் நகலை இணைத்துப் பதிவைத் திருத்தக் கேட்டு எழுதியாயிற்று. மே 6 மறுபடி பார்க்க வேண்டும்.